ஆறு இருபத்திரண்டு

16.07.2025 புதன்கிழமை காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில், சார்பு ஆய்வாளர் கிருபா அவர்கள் முன், மாரிச்செல்வம், வயது 35, த/பெ குற்றாலிங்கம், மேட்டுத் தெரு, தென்காசி என்பவர் தாமாக ஆஜராகிக் கொடுத்த வாக்குமூலம்.

நான் மேற்படி முகவரியில் மனைவி சுகந்தியுடன் குடியிருந்து, பைக் உதிரிபாகக் கடை வைத்து நடத்தி வருகிறேன். அச்சன்புதூரைச் சேர்ந்த துல்கர்னைன், வயது 38, என் நண்பர். சவுதியில் ஒன்பது வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். நாங்கள் இருவரும் மூன்று வருடமாக மலை சைக்கிள் ஓட்டி வருகிறோம். கடந்த ஞாயிறு மாலை இதே நிலையத்தில் நான் கொடுத்த முதல் வாக்குமூலத்தில் சொன்ன நேரங்கள் எல்லாம் பொய். யாரும் மிரட்டி நான் இன்று வரவில்லை. முதலில் அதை எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

வருகிற செப்டம்பரில் நீலகிரியில் நடக்கும் ஐந்து நாள் சைக்கிள் பந்தயத்துக்கு நாங்கள் ஜோடியாகப் பெயர் கொடுத்திருந்தோம். அந்தப் பந்தயத்தில் ஜோடிகள் இரண்டு நிமிடத்துக்கு மேல் பிரிந்து போகக் கூடாது, பிரிந்தால் இருவரையும் வெளியேற்றிவிடுவார்கள். எனக்கு நீண்ட தூரம் ஓட்டினால் மூச்சு வாங்கும். துல்கர்னைனுக்கு ஈரப் பாறையில் இறங்கப் பயம். போன வருடம் சாரல் சமயத்தில் பழைய குற்றாலத்துக்கு மேலே உள்ள தோப்புத் தடத்தில் இறங்கும்போது விழுந்து தோள் எலும்பை உடைத்துக்கொண்டார். அதன் பிறகு அவரது மனைவி மெஹர் பானு, இனி தார் ரோட்டில் மட்டும்தான் ஓட்ட வேண்டும், வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பும்வரை போனில் லைவ் லொகேஷன் போட்டிருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். துல்கர்னைன் அதற்கு ஒப்புக்கொண்டு சத்தியமும் செய்தார்.

அவருடைய போனை நான் வாங்கிக்கொண்டு ரோட்டில் ஓட்டுவது, அவர் போன் இல்லாமல் தடத்துக்குப் போவது என்ற யோசனை என்னுடையது. அவருடையது இல்லை. பாய் முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னார். நான்தான், இப்படிப் பயந்து இறங்கினால் நீலகிரியில் என் மானம் போகும் என்று ஏசினேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். ஜூன் கடைசியிலிருந்து இரண்டு ஞாயிறு அப்படியே செய்தோம். எனக்கு ரோடு, அவருக்குப் பாறை, மெஹர் பானுவுக்குப் போன் மேப்பில் நீலப் புள்ளி என்று சொல்லிச் சிரித்ததும் உண்டு.

13.07.2025 ஞாயிறு காலை 5.15 மணிக்கு என் கடை வாசலில் அவர் போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் பழைய குற்றாலம் நோக்கிப் போனார். அதன் பிறகு நான் இரண்டு போனையும் முதுகுப் பையில் வைத்துக்கொண்டு செங்கோட்டை வழியாகப் புளியரை வரை போய்த் திரும்பி, 7.45 மணிக்கு, சொல்லி வைத்திருந்தபடி பழைய குற்றாலம் ரோட்டில் உள்ள மாடக்கண்ணு அண்ணாச்சியின் டீக்கடைக்கு வந்து சேர்ந்தேன். துல்கர்னைன் வந்திருக்கவில்லை. 7.50 மணிக்கு மெஹர் பானு அவருடைய போனுக்குக் கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை. எடுக்காமல் விட்டால் மறுபடியும் கூப்பிடுவார் என்பதால், அதன் பிறகு 7.52 மணிக்கு அவர் போனிலிருந்து, அவர் எழுதுவதைப் போலவே, 'டீ குடிக்கேன், பத்து நிமிஷத்துல கிளம்புதேன்' என்று நான் செய்தி அனுப்பினேன். 'சரி, மெதுவா வாங்க' என்று பதில் வந்தது.

எட்டு மணிக்கும் அவர் வரவில்லை. நான் உடனே தேடிப் போகவில்லை. பாய் எப்போதும் தாமதம்தான் என்று ஆத்திரத்தில் இருந்தேன், இரண்டு வடையும் தின்றேன். இதை எழுதும் ரைட்டர் ஐயா, வடை எல்லாம் எதற்கு என்று கேட்டார். எழுதுங்கள் என்று நான்தான் சொன்னேன். அந்த நேரத்தில் அவர் மேலே கிடந்தார். இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் போனோடு நான் மலையேறினால் புள்ளியும் மலையேறும், மெஹர் பானு பார்த்துவிடுவார். 8.40 மணிக்கும் அவர் வரவில்லை. அதன் பிறகு அவர் போனை மாடக்கண்ணு அண்ணாச்சியிடம் கொடுத்து, கல்லாப்பெட்டி மேலேயே இருக்கட்டும், யார் கூப்பிட்டாலும் எடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, புள்ளியை டீக்கடையிலேயே நிற்க வைத்துவிட்டு, நான் மேலே போனேன்.

9.25 மணிக்கு இரண்டாவது ஓடையைத் தாண்டும் இடத்தில், பாறைக்குக் கீழே அவரைப் பார்த்தேன். சைக்கிள் மேலே கிடந்தது. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது. தொடையில், இருக்கைக்கு அடியில் நாங்கள் எல்லோரும் வைத்திருக்கும் மாற்று டியூபை எடுத்து, பம்பைச் சொருகி முறுக்கி, தானே இறுக்கக் கட்டியிருந்தார். உதடு வெளுத்துப் போய் இருந்தது. கண்ணைத் திறந்து, "வந்துட்டியாலே" என்றார். அதன் பிறகு நினைவு தப்பிவிட்டது. எத்தனை தடவை அவர் கூப்பிட்டிருப்பார் என்று எனக்குத் தெரியாது. அங்கே அருவிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவனுக்கே காது கேட்காது.

சைக்கிள் கைப்பிடியில் இருந்த மீட்டரில் வண்டி நின்ற நேரம் காலை 6.22 என்று இருந்தது. அதைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் கழற்றினேன் என்று சார்பு ஆய்வாளர் மேடம் கேட்டார்கள். நான் அனுப்பிய செய்தி 7.52. மீட்டரைப் பார்த்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். அவ்வளவுதான்.

அதன் பிறகு நான் கீழே ஓடி வந்து, மாடக்கண்ணு அண்ணாச்சியையும் தோப்பில் வேலை செய்த இருவரையும் கூட்டிப் போய், தார்ப்பாயில் தூக்கி 10.40 மணிக்கு ரோட்டுக்குக் கொண்டுவந்தோம். அண்ணாச்சியிடம், பாய் எட்டு மணிக்கு இங்கே டீ குடித்ததாகச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். "எதுக்குடே?" என்று கேட்டார். அதன் பிறகு மெஹர் பானுவுக்குப் போன் செய்து, டீ குடித்துவிட்டு மழைக்காகப் போனைக் கடையில் கொடுத்துவிட்டுத் தடத்துக்குப் போனார், விழுந்துவிட்டார் என்று சொன்னேன். சீசன் கூட்டத்தில் ஆம்புலன்ஸ் ஊர்ந்து வந்தது. 11.25 மணிக்குத் தென்காசியில் மருத்துவமனைக்குப் போனோம். மெஹர் பானு எங்களுக்கு முன்பே அங்கே நின்றார்.

பார்த்த மருத்துவர் முதலில் கேட்டது இந்த டியூபைக் கட்டி எவ்வளவு நேரம் ஆகிறது என்றுதான். ஆறு மணி நேரத்துக்குள் திருநெல்வேலிக்குப் போய்ச் சேர்ந்தால் ரத்தக் குழாயைத் தைத்துக் காலைக் காப்பாற்றப் பார்க்கலாம், நேரம் கடந்திருந்தால் கட்டை அவிழ்ப்பதே உயிருக்கு ஆபத்து, சிறுநீரகம் கெட்டுவிடும் என்று எங்கள் இருவருக்கும் விளக்கிச் சொன்னார். மெஹர் பானு உடனே தன் போனில் அந்த 7.52 செய்தியை நீட்டி, "இதோ பாருங்க சார், எட்டு மணி வரைக்கும் டீக்கடையில இருந்திருக்காக, அதுக்குப் பொறவுதான்" என்றார். மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். மேலே ஏறிய நேரத்தையும் சேர்த்து, கட்டியது 8.15-க்கு மேல் என்று எழுதிக்கொண்டார்.

அந்த இடத்தில் உண்மையைச் சொன்னால் காலை எடுத்துவிடுவார்களே என்று நினைத்தேன் என்பது நிஜம். மெஹர் பானுவுக்குப் பயந்தேன் என்பதும் நிஜம். எது அதிகம் என்று கேட்டால் பயம்தான் அதிகம்.

1.30 மணிக்குத் திருநெல்வேலி போய்ச் சேர்ந்தோம். அங்கே அந்த நேரத்தை நம்பிக் கட்டை அவிழ்த்து ரத்தக் குழாயைத் தைத்தார்கள். நான் ஊருக்குத் திரும்பி மாலை இங்கே வந்து பொய் வாக்குமூலம் கொடுத்தேன். இரவுக்குள் அவருக்குச் சிறுநீர் நின்றுவிட்டது. திங்கள் காலை உயிரைக் காப்பாற்ற வேண்டி முழங்காலுக்கு மேலே காலை எடுத்துவிட்டார்கள். இன்று வரை டயாலிசிஸ் நடக்கிறது. பிழைப்பாரா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்கிறார்கள்.

நேற்று மாலை நினைவு திரும்பியபோது என்னை உள்ளே விட்டார்கள். நடந்ததைச் சொன்னேன். "அவளுக்குத் தெரிய வேண்டாம் மாரி, மூணு ஞாயிறா சத்தியத்தை மீறிட்டேன்னு நெனைப்பா" என்றார். சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வெளியே பெஞ்சில் மெஹர் பானு தன் போனை மடியில் வைத்துக்கொண்டு அந்தச் செய்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "நேரம் ஒத்து வரலன்னு பெரிய டாக்டர் சொல்லுதாரு. பதறிப்போய் நான்தான் தப்பா சொல்லிட்டேனாண்ணே? என்னாலதான் கால் போச்சா?" என்று கேட்டார். இல்லை என்று மட்டும் சொன்னேன். அவர் நம்பவில்லை. அதன் பிறகு நான் வீட்டுக்குப் போய்ச் சுகந்தியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, இன்று காலை திருநெல்வேலி மருத்துவருக்குப் போனில் 6.22 என்ற நேரத்தைத் தெரிவித்துவிட்டு இங்கே வந்தேன். மேற்படி மீட்டரை மேடத்திடம் ஒப்படைத்தேன்.

இந்த வாக்குமூலத்தை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் கடைசியாக ஒரு வரி சேர்த்து, இதன் நகல் ஒன்றை மெஹர் பானுவுக்குக் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டேன். அந்த வரி: தங்கச்சி, நீ டாக்டரிடம் காட்டிய அந்தச் செய்தியை அனுப்பியது நான்.

(ஒப்பம்) கு. மாரிச்செல்வம்