தங்கை வாங்கிய முந்நூற்றுப் பன்னிரண்டு

மேடையின் நடுவில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, அவர் அருகில் அமர்ந்திருக்கும் செயலாளர் அவர்களே, முழங்கால் வலியோடு முன்வரிசைக்கு வந்திருக்கும் பெரியோர்களே, மடியில் பிள்ளையை உறங்க வைத்துவிட்டு எனக்குக் காது கொடுக்கும் தாய்மார்களே, அனைவரையும் கைகூப்பிக் கும்பிடுகிறேன்.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் அந்த நர்ஸ் பெண் புதுக்கட்சியில் நிற்கிறாள். ஓட்டுப் பிரிந்தால் எதிரி ஏறி உட்கார்ந்துவிடுவானாம். நாளை மதியத்துக்குள் அவள் வேட்புமனுவைத் திரும்பப் பெற வேண்டுமாம். அதற்காக என் தங்கையின் கதையைச் சொல்ல என்னை அழைத்திருக்கிறார்கள். சொல்கிறேன். ஆனால் முழுவதையும் சொல்வேன். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன் நான். காதில் விழுந்தது மட்டும் ஒன்றும் மறந்து போகாது.

நானும் தங்கையும் சலவை ஆலையில் வேலை பார்த்தோம். தேர்தல் வந்தால் நம் கட்சிக் கொடிகள் மூட்டை மூட்டையாக எங்களிடம் வரும். கூலியில்லாமல் துவைத்தோம், சாயம் வெளுக்காமல் நிழலில் உலர்த்தினோம், இஸ்திரி போட்டு மடித்தோம். கொடி துவைத்தவர்களின் ஓட்டும் கொடிக்கே என்று கட்சி முடிவுகட்டிக்கொண்டது. எங்களை ஒருவரும் கேட்கவில்லை.

தங்கை கேட்டது ஒன்றே ஒன்று. ஆலைக்குள் சோப்புத் தண்ணீர் கணுக்கால் வரை நிற்கிறது, விரலிடுக்கெல்லாம் புண், ஒரு வடிகால் வெட்டித் தாருங்கள். கட்சி அலுவலக வாசலில் பதினான்கு வருடம் நின்று கேட்டாள். செயலாளர் அவர்களே, கடைசியாக அவள் வந்த அன்று கோடு போட்ட சட்டையில் இருந்தீர்கள். "கொடியெல்லாம் காஞ்சிருச்சாம்மா?" என்று கேட்டீர்கள். நீங்கள் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை.

அந்த வாரமே தங்கை தனிக்கட்சி கண்டாள்.

"ஓட்டைப் பிரிக்காதடி. அவன் வந்தா ஆலையை மூடிருவான்" என்றேன்.

"நம்மகிட்ட இருக்கிறதே அது ஒண்ணுதான்க்கா. அதையும் துவைச்சு மடிச்சுக் குடுக்கச் சொல்றியா?" என்றாள்.

எதிரி நாற்பத்தொரு ஓட்டில் வென்றான். தங்கை வாங்கியது முந்நூற்றுப் பன்னிரண்டு. ஏழாம் மாதம் ஆலைக் கதவில் பூட்டு. ஓட்டுப் பிரிந்ததா? பிரிந்தது. எதிரிக்கு உதவியதா? உதவியது.

கை தட்டாதீர்கள் தம்பிகளே, இன்னும் முடியவில்லை.

ஒரே சுவருக்கு இரண்டு பக்கம் குடியிருந்தும் பதினோரு வருடம் நான் அவளோடு பேசவில்லை. சுவரில் இரண்டு தட்டு தட்டுவாள். திருப்பித் தட்ட மாட்டேன். ஒரு நாள் தட்டுவது நின்றது. கடைசியாக அவளைக் குளிப்பாட்டும்போது காலைப் பார்த்தேன். விரலிடுக்கில் அந்தத் தழும்பு. என் காலிலும் இருக்கிறது அதே தழும்பு. பக்கத்துப் பக்கத்தில் நின்று வாங்கியது.

ஓட்டைப் பிரித்தது யார்? தனியே நின்ற தங்கையா? பதினான்கு வருடம் அவளை வாசலிலேயே நிற்கவைத்த நாமா? ஒரு வடிகால் வெட்டியிருந்தால் அந்த முந்நூற்றுப் பன்னிரண்டும் நமக்குத்தானே விழுந்திருக்கும்?

தலைவர் மணியைத் தொடுகிறார். முடித்துவிடுகிறேன் ஐயா.

நர்ஸ் மகளே, நில் என்றும் சொல்ல மாட்டேன், விலகு என்றும் சொல்ல மாட்டேன். எதிரி வந்தால் என்ன ஆகும் என்று பட்டவள் நான். ஆனால் தலைவர் அவர்களே, விலகச் சொல்லும் முன் அவளுக்கு என்ன வேண்டுமென்று கேட்டீர்களா? மேடையில் ஆறு நாற்காலி கிடக்கிறதே, அவளுக்கு ஒன்று போட்டீர்களா? மேலே வா மகளே. இது என் நாற்காலி. எனக்கு நின்று பழக்கம். நீ உட்கார்ந்து பேசு.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு என் நன்றியும் கும்பிடும். இறங்குமுன் இந்த மைக்கை இரண்டு தட்டு தட்டிக்கொள்கிறேன். அது உங்களுக்கில்லை. என் தங்கைக்கு.