முப்பத்தாறு அங்குலம்

வயிறு போட்டவர்கள் பளபளப்பான துணி எடுக்கக் கூடாது. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். மினுக்குகிற துணியில் வெளிச்சம் மேட்டில்தான் போய் விழும். அடர்ந்த நிறம், நெடுக்குக் கோடு, மார்புக்குக் கீழே ஒரு தையல், அங்கிருந்து தளர்வாக இறங்க வேண்டும். பெல்ட் கூடவே கூடாது. உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன் சார். அந்தச் சட்டையின் நான்காவது பொத்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறது. இதை எழுத வேண்டாம், வழக்கில் சேராது.

பத்தொன்பது வருஷமாக வீட்டு முன்னறையில் தைக்கிறேன். வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே பாட்டு. "நான் ஒண்ணுமே சாப்பிடறதில்லக்கா, பச்சைத் தண்ணி குடிச்சாலே உடம்பு வைக்குது." வாய் ஓரத்தில் பிஸ்கட் தூள் ஒட்டியிருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். துணியில் மறைக்கலாம். என் பிழைப்பே அதுதான்.

நீங்கள் விசாரிக்கிற என் நாத்தனாரும் எங்களோடு ஒரே வீட்டில்தான் இருந்தாள். அலுவலகம் ஒன்றில் வரவேற்பு மேஜையில் வேலை. இடுப்பழகுக்குப் பேர்போனவள், அந்தப் பேரை அவளே பரப்பிக்கொண்டிருந்தாள். போன வருஷம் அவளுக்கும் வயிறு எட்டிப் பார்த்தது. டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு ஸ்கேன் எடுக்கச் சீட்டு எழுதினார். அவளுக்குப் பயம். சீட்டை என் மிஷின்மேல் வைத்தாள்.

"அண்ணி, மாசாமாசம் நீங்களே அளந்து சொல்லுங்க. அளவு ஏறுச்சுன்னா போய் எடுத்துக்கறேன். ஏறலன்னா வெறும் சதைதானே?"

"சரிம்மா" என்றேன். அன்று முப்பத்தாறு அங்குலம். சீட்டை இழுப்பறையில் நூல்கண்டுகளுக்கு அடியில் வைத்தேன்.

துணி டேப் பழசானால் இழுபட்டு நீண்டுவிடும் சார். அப்புறம் அளவைக் குறைத்துக் காட்டும். தொழில் தெரிந்தவர்கள் தூக்கிப் போட்டுவிடுவார்கள். நான் ஒன்றை அவளுக்கென்று வைத்துக்கொண்டேன். ஓர் அங்குலத்தை டேப் மறைத்தது, மீதியை என் வாய் மறைத்தது. மாசாமாசம் முப்பத்தாறு. வீட்டுத் துணியெல்லாம் துவைத்து இஸ்திரி போடுவதும் நான்தான். அவள் உடுப்புகளின் பக்கத் தையலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து விட்டுக்கொண்டே வந்தேன். இடுப்பில் பிடித்தால் சந்தேகம் வருமே.

தெரிந்து செய்தேனா என்று கேட்கிறீர்கள். தின்று வருகிற சதை கைக்கும் வரும். இவளுக்கோ இடுப்பில் பிரித்து விட்ட வாரமே கைப்பக்கம் ஒடுக்கித் தைக்க வேண்டியிருந்தது. என் அம்மாவுக்குக் கடைசி வருஷம் அப்படித்தான் தைத்தேன். இதற்கு ஸ்கேன் எதற்கு?

ஆறாவது மாசம் கேட்டாள். "ரெண்டு வாய் சாப்பிட முடியல அண்ணி. போய்க் காட்டிடட்டுமா?"

"முப்பத்தாறுதாம்மா. கண்டதையும் நினைச்சு மனசைக் கெடுத்துக்காத."

கருநீலத்தில் ஒரு டாப்ஸ் தைத்துக் கொடுத்தேன். கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாள். "உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும் அண்ணி" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னைப் பாராட்டியது அன்றுதான்.

காரணம் வேண்டுமா? சொல்லும்படி ஒன்றுமில்லை. எனக்குக் குழந்தை மூச்சில்லாமல் பிறந்த இருபதாம் நாள், ஒரு கல்யாண வரவேற்புக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். வயிறு இன்னும் வற்றவில்லை. பளபளக்கிற மஞ்சள் துணி, எடுத்துக் கொடுத்தது அவள். அத்தனை பேர் நடுவில், "அண்ணிக்கு இது எத்தனாவது மாசம், சொல்லுங்க பாக்கலாம்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அதை அன்றே மறந்துவிட்டேன் சார். மனசில் வைத்துக் கருவுகிற ரகம் இல்லை நான்.

அலுவலகத்தில் மயங்கி விழுந்த பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. வயிற்றில் கட்டி, எட்டு மாசம் முந்தி வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றார்களாம் டாக்டர்கள். என் அளவு நோட்டை நீங்கள் எடுத்துவிட்டீர்கள். அதில் சரியான அளவுதான் இருக்கும். முப்பத்தேழு, முப்பத்தெட்டரை, நாற்பது. வாயால் எதையும் சொல்லலாம், நோட்டில் பொய் எழுதுவது தொழிலுக்குத் துரோகம்.

கடைசி நாள் ஆஸ்பத்திரிக்குப் புது டேப் கொண்டுபோனேன். நாற்பத்தேழு. அவளுக்கு நினைவு இருந்தது, என்னையே பார்த்தாள். குனிந்து காதில், "ஒன்பதாவது மாசம்" என்றேன்.

அந்தக் கல்யாண வீடு எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது சார், சத்தியமாக.