சேனைப் பஞ்சு

சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சு என்றால் பிறந்த குழந்தைகூடச் சமர்த்தாக வாயைத் திறக்கும். அங்கேதான் ஆரம்பித்தது, இன்ஸ்பெக்டர் மேடம்.

கோரிப்பாளையத்தில் இருபத்திரண்டு வருஷமாக ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருக்கிறேன். இரண்டாயிரத்து ஏழில் ஒரு ஹைதராபாத் கம்பெனி டிஎன்ஏ சோதனைக்கு என்னை ஏஜென்ட் ஆக்கியது. ஏஜென்டுக்கு முதல் சோதனை இலவசம். அந்த மாதம்தான் என் மகன் பீமாராவுக்குப் பையன் பிறந்தான். பிறந்த பிள்ளையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுச் சேனை வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். என்னையே வைக்கச் சொன்னார்கள். விரலுக்குப் பதில் பஞ்சுக் குச்சியால் வைத்தேன். மாமா சுத்தம் பார்க்கிறார் என்று மருமகள் முத்துமீனா சிரித்தாள். அவள்மேல் எனக்குச் சந்தேகமே கிடையாது. சும்மா கிடைப்பதை விடுவானேன் என்றுதான் குச்சியை உறைக்குள் போட்டேன்.

பீமாவிடம் எச்சில் கேட்டால் காரணம் சொல்லவேண்டும். அதனால் என்னுடையதை அனுப்பினேன். தாத்தா, அப்பா, பேரன் என்று ஆண்வழியில் மாறாமல் இறங்கிவரும் ஒய் குரோமோசோம் என்று ஒன்று உண்டு. அது பொருந்தவில்லை என்று ரிப்போர்ட் வந்தது.

எங்கள் சமயநல்லூர் வீட்டில் எல்லோர் முன்னாலும் அதைப் படித்தேன். பீமா முத்துமீனாவின் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்தான். என் மனைவி சோணையம்மாள் மட்டும் கூடத்துக்கு வரவில்லை. அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

எட்டாம் நாள் முத்துமீனா பிள்ளையோடு லேப்புக்கு வந்தாள்.

"உங்க எச்சி எதுக்கு மாமா? அவுக எச்சியை எடுத்துப் பாருங்க. நான் எங்கயும் ஓடிப்போகல."

நியாயமான பேச்சு. பீமாவிடம் எடுத்து அனுப்பினேன். பதினைந்து நாளில் பதில் வந்தது. பிள்ளை பீமாராவுடையதுதான்.

இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பேரன், பீமாவின் மகன். பீமா, என் மகன் இல்லை. அன்று மதியம் சோணையம்மாள், "இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்தவா?" என்றாள். ஊற்றச் சொன்னேன்.

சாயங்காலம் இரண்டாவது தாளை லேப் குப்பையோடு எரித்தேன். முத்துமீனாவிடம், "இதுலயும் அதேதாம்மா வந்திருக்கு" என்றேன்.

"மெசினு பொய் சொல்லுமா மாமா?"

"மெசினு சொல்லாதும்மா."

பீமாவுக்கு மறு கல்யாணத்தை நானே முன்னின்று முடித்தேன். முத்துமீனா கப்பலூரில் சாக்குப்பை தைக்கப் போகிறாள். பால்வாடியில் பையனுக்கு அப்பா பெயரைக் கேட்டால் அந்த இடத்தைக் காலியாக விடச் சொல்கிறாளாம். இப்போது நீங்கள் கம்பெனியிலிருந்து அந்த இரண்டாவது தாளின் நகலை வாங்கி என்முன் வைத்துவிட்டீர்கள். ஆமாம், நான்தான் எரித்தேன்.

எழுதும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சோணையம்மாளை நான் இன்றுவரை ஒரு கேள்வி கேட்டதில்லை. ஒரு பொம்பளையோட மானம் சந்திக்கு வந்துவிடக் கூடாது என்றுதான் இவ்வளவும் செய்தேன்.