இடது பக்கப் பெட்டி

ரெண்டு ஸ்பீக்கர் பெட்டியும் நல்லாத்தான் இருக்குங்கறீங்க. தெரியும் தம்பி. அதை மட்டும் இப்போதைக்கு வாய்க்குள்ளயே வெச்சுக்குங்க. மூடியக் கழட்டினது கழட்டினபடியே இருக்கட்டும், திருப்பி மாட்டிறாதீங்க. என் வீட்டுக்காரி உள்ள டீ போடறா. அவ வர்றதுக்குள்ள விஷயத்தச் சொல்லிடறேன்.

சத்தம் எப்படி எகிறுச்சுன்னு கேட்டீங்கல்ல. அன்னிக்கு லீவு நாளு. நான் பாட்டுக்குப் பாட்டு கேட்டுக்கிட்டு இருந்தேன், திடீர்னு ரெண்டு பெட்டியும் ஊமையாயிருச்சு. வால்யூமைக் கூட்டிப் பாத்தேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு கடைசி வரைக்கும் திருகியாச்சு. பொட்டுச் சத்தம் இல்ல. ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னாடி பின்னு லூசாயிருக்கும்னு தோணுச்சு. அந்த இடுக்குல என் கை போகுமா? இவளக் கூப்பிட்டேன். செஞ்சுக்கிட்டிருந்த வேலைய விட்டுட்டு ஈரக் கையத் தொடச்சுக்கிட்டே வந்தா. உள்ள கைய விடணும்னா இடது பெட்டி மேல கன்னத்த ஒட்ட வெச்சாத்தான் எட்டும். காது அப்படியே பெட்டியோட முன்வலை மேல. இந்தப் பின்னான்னு கேட்டா. ஆமா, அமுக்குன்னேன்.

வால்யூமைக் கொறைக்கத் தோணல. மனுஷனுக்கு மறதி இல்லாமயா.

சன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்துச்சு தம்பி. பாஞ்சு போய் ஸ்விட்சை அணைச்சேன். ஆம்ப்ளிஃபையரத் தொட்டுப் பாத்தேன், புகைஞ்ச நாத்தம் ஏதும் வருதான்னு மோந்து பாத்தேன். நல்லவேளை, ஒண்ணும் இல்ல. அப்புறந்தான் திரும்பினேன், அவ தரையில உக்காந்து காதப் பொத்திக்கிட்டு இருக்கா. என்னடி பண்ணித் தொலைச்சே நீன்னு வாயில வந்துருச்சு. பின்ன மாத்திச் செருகிட்டேங்கன்னு அழ ஆரம்பிச்சா. அவளாச் சொன்னது. நான் இல்லைன்னு சொல்லல, அவ்வளவுதான்.

ஆமா, அதுக்கப்புறம் சோதிச்சுப் பாத்தேன். உங்க அளவுக்குத் தெரியாட்டியும் கொஞ்சம் தெரியும். அந்த நாற்காலியில அவள உக்கார வெச்சு, நான் இங்க நின்னு மெதுவாப் போட்டேன். எல்லாம் வலது பக்கத்துலருந்தே வருதுங்க, இடது பெட்டி செத்துப் போச்சுன்னா. வயரை மாத்தினேன். இடதுதாங்கன்னா. பெட்டியவே தூக்கி எடம் மாத்தி வெச்சேன், முதுகு விட்டுப் போச்சு. அப்பவும் இடதுதாங்கன்னா. அப்ப ஆம்ப்ளிஃபையர்தான் போச்சுன்னு நெனச்சேன். அவள எழுப்பிட்டு நானே உக்காந்து கேட்டேன். ரெண்டும் கணீர்னு இருக்கு.

எனக்குப் பொறி தட்டுச்சு. நாற்காலிய எதிர்ச் சொவத்தப் பாக்கத் திருப்பிப் போட்டு அவள உக்காரச் சொன்னேன். கண்ண மூடிக்கிட்டுக் கைய மட்டும் காட்டுன்னேன். இவ்வளவு நேரம் செத்துப் போச்சுன்ன பெட்டியக் காட்டி, இதுல மட்டுந்தான் வருதுங்கறா. ஏங்க மாறிப்போச்சுன்னு கேட்டா. வயரை மாத்திட்டேன்ல, அதான்னேன்.

அப்பத்தான் எனக்கு உசுரே வந்துச்சு. செட்டு தப்பிச்சுதுடா சாமின்னு அன்னிக்கு ரெண்டு வாய் கூடவே சாப்பிட்டேன்.

என்ன அப்படிப் பாக்கறீங்க? நானா அவ காதுல குச்சிய விட்டுக் குத்தினேன்? டாக்டரு கிட்ட விசாரிக்காமயா இருப்பேன். எங்க ஆபீஸுக்கு எதுத்தாப்புல ஒருத்தர் இருக்காரு, தெரிஞ்ச ஒருத்தருக்குன்னு கேட்டேன். சூட்டோட சூடாக் காட்டினா கொஞ்சமாச்சும் திரும்பலாம், தள்ளிப் போட்டா அவ்வளவுதான்னாரு. சரிங்க, சொல்லிடறேன்னுட்டு வந்துட்டேன்.

இல்ல, சொல்லல. அவசரப்படாதீங்க, சொல்றேன். காது கொய்யுங்குதுங்கன்னு ரெண்டு தடவ சொன்னா. சளி எறங்கியிருக்கும், ஆவி புடின்னேன். புடிக்கறா.

உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா? ஆகட்டும், அப்பத் தெரியும். இவ ஒண்ணு கேட்டா ஒம்போது சொல்றவ. சத்தத்தக் கொறைங்கம்பா, இந்தப் பெட்டிகளுக்கு இருக்கற மரியாத எனக்கு இல்லம்பா, அம்மா வீட்டுக்குப் போறேம்பா. போனா அவ அண்ணன் வந்து எனக்குப் புத்தி சொல்லுவான். இப்பப் பாருங்க, வீடு எப்படி இருக்கு. செட்டக் கெடுத்துட்டோமேன்னு பூன மாதிரி நடக்கறா. நேத்து ஒரு பிடி உப்பு கூடப் போட்டுட்டு, நான் கேக்கறதுக்கு முன்னாடியே மன்னிச்சிருங்கன்னா. இப்படி ஒரு நாளு இந்த வீட்டுல இருந்ததில்ல.

சிக்கல் என்னன்னா, அவ அண்ணன் நாளைக்கு வர்றான். போன்ல பேசும்போது இவ ரெண்டு தரம் என்ன, என்னன்னிருக்கா, இருண்ணான்னு போனை இன்னொரு காதுக்கு மாத்தியிருக்கா. அவன் புடிச்சுக்கிட்டான். காது டாக்டரு கிட்டக் கூட்டிட்டுப் போறேங்கறான். எனக்கொண்ணும் இல்லண்ணா, பெட்டிதான் கெட்டுப் போச்சுன்னு இவளே சொல்லிக்கிட்டு இருக்கா. ஆனா காலையில என் மொகத்தப் பாத்து, ஒருவேள பெட்டி நல்லாத்தான் இருக்கோன்னு ஒரு கேள்வி கேட்டா. அதனாலதான் உங்களக் கூப்பிட்டேன்.

நான் சொன்னா சந்தேகப்படுவா. நீங்க தொழில் தெரிஞ்சவரு.

பொய்யின்னு ஏன் நெனைக்கறீங்க, தினமும் எத்தன வீட்டுல எத்தன சொல்றீங்க. ஸ்க்ரூ டிரைவரக் கீழ வைக்காதீங்க, கையில இருக்கட்டும். பையை அப்புறம் எடுத்துக்கலாம். உக்காருங்க தம்பி.

இந்தா, வந்துட்டா. டீய வாங்கிக்கங்க. பெட்டி போச்சுன்னு ஒரே ஒரு வார்த்தை, அதுக்கு மேல வேண்டாம். அங்கேருந்து இல்ல, இப்படி இந்தப் பக்கமா வந்து நின்னு சொல்லுங்க. அந்தப் பக்கம் சொன்னா அவளுக்குக் கேக்காது.