நெல் ரூமுக்குள் பதினோரு பேர்

ஊதத் தொடங்கிய சங்கு நிற்கவில்லை. ஓடுகிறேன். ஒரு செருப்பு கழன்று விழுகிறது. குனியவில்லை. கையில் பிளாஸ்டிக் குடம். அதில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அதை ஏன் தூக்கிக்கொண்டு ஓடினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

“உள்ள போ! மூக்க மூடு!” ஸ்டீபன் அண்ணன் கத்துகிறார்.

முந்தானையால் மூக்கை மூடுகிறேன். திரும்பிப் பார்க்கிறேன். என் கணவர் கிணற்றடியில் நிற்கிறார். குனிந்து, முழங்காலில் கை வைத்து. ஓடினால் அவருக்கு மூச்சு வாங்கும். திரும்பி ஓடி அவர் கையைப் பிடித்து இழுத்து வருகிறேன். கதவைச் சாத்துகிறார்கள். டேப் கிழிகிற சத்தம். சர்ரக். சர்ரக். வெளியே சங்கு. உள்ளே டேப்.

1999 ஜூன். பம்மல். செவ்வாய்க்கிழமை. பகல் பதினொன்றரை மணி இருக்கும். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

இதைப் போர்க்கால நினைவு என்றால் சிரிக்கிறார்கள். சண்டை நடந்தது கார்கிலில், பனிமலையில். பம்மலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று என் சொந்த அண்ணனே கேட்டார். நான் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன். அது எனக்கு ஒரு வியாதி. இதை எழுதும்போதும் எழுந்து எழுந்து போகிறேன். எல்லா ஜன்னலும் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து உட்காருகிறேன்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

அதற்கு முந்தின வருஷம் மே மாதம் பாலைவனத்தில் அணுகுண்டு வெடித்துப் பார்த்தார்கள். எங்கள் மெயின் ரோட்டில் பஸ்ஸை நிறுத்தி லட்டு கொடுத்தார்கள். நானும் வாங்கித் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. அதே மாதம் பாகிஸ்தானும் வெடித்தது. அப்போதும் யாரும் பயப்படவில்லை. நம்முடைய குண்டு என்றால் லட்டு. அவர்களுடையது என்றால் அது எங்கேயோ தூரத்தில் இருக்கிறது. அவ்வளவுதான் எங்கள் அறிவு.

கார்கில் வந்ததும் தூரம் குறைந்துவிட்டது. நான் மெயின் ரோட்டில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வேலை பார்த்தேன். கண்ணாடிக் கூண்டுக்குள் பேசினால் ரகசியம் என்று ஜனங்களுக்கு ஒரு நினைப்பு. எனக்கு எல்லாம் கேட்கும். அந்த ஜூனில் எல்லாரும் ஒரே ஊரைப் பற்றித்தான் பேசினார்கள். கல்பாக்கம். அங்கே அணுமின் நிலையம் இருக்கிறது, அதன் மேல் சாதாரணக் குண்டு ஒன்று போட்டாலே போதும், தனியாக அணுகுண்டு எதற்கு என்று டீக்கடைக்காரர் விளக்கினார். அதைப் பூத்துக்கு வந்தவர்கள் மதுரைக்கும் வேலூருக்கும் சொன்னார்கள். காற்று தெற்கிலிருந்து அடித்தால் ஒரு மணி நேரத்தில் விஷம் பம்மலுக்கு வந்துவிடும் என்றார் ஒருவர். அரை மணி போதும் என்றார் இன்னொருவர். யார் அளந்தது? ஒருவரும் கேட்கவில்லை.

தாம்பரத்துப் பயிற்சி விமானங்கள் எங்கள் தலைக்கு மேல் தினமும் பறப்பவை. அதுவரை யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. இப்போது பார்த்தார்கள். மருந்துக்கடையில் போய்க் கதிர்வீச்சுக்கு மாத்திரை கேட்டார்கள். கடைக்காரர் சத்து மாத்திரை கொடுத்தார். நான்கு அட்டை வாங்கிப் போனவர்கள் உண்டு. நான் கொடியில் துணி காயப்போட்டால் அது எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்ப்பேன். வடக்கே ஆடினால் காற்று கல்பாக்கத்துப் பக்கமிருந்து வருகிறது. வேலைக்குப் போவேன். பாதியில் வீட்டுக்கு வருவேன். கொடியைப் பார்ப்பேன். திரும்பப் போவேன்.

என் கணவர் தோல் தொழிற்சாலையில் தோலை ஊறப்போட்டு உருட்டுகிற பீப்பாய்ப் பிரிவில் வேலை பார்த்தார். சுண்ணாம்பும் ரசாயனமும் அவர் நெஞ்சில் ஏறிவிட்டிருந்தன. வீசிங். சட்டைப் பையில் எப்போதும் ஒரு இன்ஹேலர். அணுகுண்டைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. அடுத்த மூச்சைப் பற்றித்தான் கவலை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. எனக்கு அவர், அவருக்கு நான்.

என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் தெருவுக்கு வந்து யாரும் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்தவர் என்று இருந்தது ஸ்டீபன் அண்ணன் ஒருவர்தான். ஏ.சி. மெக்கானிக். எங்கள் காம்பவுண்டிலேயே கடைசி வீடு. 1991 வளைகுடாப் போரின்போது சவுதியில் இருந்தவர். அங்கே ராத்திரி ஏவுகணை வரும். விஷவாயு இருக்கலாம் என்று ஒரு அறையின் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் டேப் போட்டு ஒட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பார்களாம். ஊர் திரும்பி எட்டு வருஷம் இந்தக் கதையைச் சொன்னார். எட்டு வருஷமும் எல்லாரும் கிண்டல் செய்தார்கள். அந்த ஜூனில் அவருக்கு நாற்காலி போட்டார்கள்.

“கதவத் தொறக்கல. அதான் இன்னிக்கி உசுரோட கீறேன்,” என்பார். அந்த ராத்திரிகளில் விஷவாயு வரவே இல்லை என்பதையும் அவரேதான் சொல்லியிருக்கிறார். இரண்டையும் சேர்த்து யோசிக்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்.

வீட்டு ஓனர் முனுசாமி ஒரு காலத்தில் விவசாயம் பார்த்தவர். நிலமெல்லாம் பிளாட் ஆகிவிட்டது. நெல் கொட்டி வைத்த ரூம் மட்டும் கிணற்றுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றது. கெட்டிச் சுவர். ஒற்றைக் கதவு. ஜன்னல் இல்லை, மேலே கையகலத் துவாரம் ஒன்று. அதுதான் லாயக்கு என்றார் ஸ்டீபன் அண்ணன். துவாரத்தை அன்றே அடைத்தார். பெட்டி ஒட்டுகிற பழுப்பு நிற டேப்பைக் கட்டாக வாங்கி வைத்தார். ஆளாளுக்கு ஒன்று கொண்டுவந்து சேர்த்தோம். அரிசி. மண்ணெண்ணெய். அரிக்கேன் விளக்கு. கிணற்றில் போட ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடர். எல்லாம் உயிர் பிழைப்பதற்காக.

அன்று என் கணவருக்கு நைட் ஷிப்ட் முடிந்து ஓய்வு. நான் கொடியைப் பார்க்க வீட்டுக்கு வந்திருந்தேன். சங்கு ஊதியது. எங்கள் பக்கம் தொழிற்சாலைச் சங்கை வைத்துத்தான் சோறு வடிப்போம். அது ஊதுகிற நேரம் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். இது அந்த நேரமில்லை. ஊதி நிற்கவும் இல்லை.

உள்ளே பதினோரு பேர். இருட்டு. யாரோ விளக்கு ஏற்றுகிறார்கள். மண்ணெண்ணெய்ப் புகை. பிளீச்சிங் பவுடர் நெடி கண்ணைக் கரிக்கிறது. வெக்கை. ஸ்டீபன் அண்ணன் கதவு இடுக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக டேப் ஒட்டுகிறார். ஒழுங்காக ஒட்டுகிறார். ஓனரின் மருமகள் செல்வி கைக்குழந்தையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறாள். குழந்தை அழுகிறது.

சங்கு நின்றது. அது இன்னும் பயமாக இருந்தது.

என் கணவர் இன்ஹேலரை எடுத்து அடித்தார். ஒரு முறை. இன்னொரு முறை. விசில் மாதிரி சத்தம் அவர் நெஞ்சிலிருந்து வருகிறது. எனக்கு அந்தச் சத்தத்தின் எல்லா அளவும் தெரியும். இது நான் கேட்காத அளவு. கதவைத் திறங்கள் என்றேன். ஒருவரும் அசையவில்லை. போய் டேப்பைப் பிடித்து இழுத்தேன். நகத்தால் கீறினேன். ஸ்டீபன் அண்ணன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். முரட்டுத்தனமாக இல்லை. அவர் அழுதுகொண்டிருந்தார்.

“தொறந்தா மச்சான் மட்டும் இல்லம்மா, எல்லாரும் காலி.”

“அக்கா, எம்புள்ள சின்னதுக்கா,” என்றாள் செல்வி.

அப்படிக் கேட்டால் என்ன செய்வீர்கள்? எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல், அந்தக் குழந்தை மேல். சொல்வதற்கு வெட்கமில்லை. நான் திமிறினேன். அப்போது அவர் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். பேச மூச்சில்லை. இரண்டு வார்த்தைக்கு நடுவே ஒரு யுகம்.

“கொழந்த… கீது. வேணாம்.”

அவரும் நம்பினார். அதுதான் எனக்கு ஆறவில்லை. வெளியே சாவு இருக்கிறது என்று நம்பி, உள்ளே இருந்தார்.

அவர் முதுகை நீவுகிறேன். சட்டை நனைந்திருக்கிறது. உதடு நீலம். விளக்கை அணைக்கச் சொல்லிக் கத்துகிறேன். அணைக்கிறார்கள். அந்த இருட்டில்தான் அது கேட்டது.

“உப்பேய்… கல்லுப்பு…”

தெருவில் உப்புக்காரர். செவ்வாய்க்கிழமைதோறும் மூன்று சக்கர வண்டியில் வருகிறவர். வண்டிச் சக்கரம் கிறீச்சிடுகிறது. பதினோரு பேரும் கேட்டோம்.

“உப்புக்காரர் உயிரோட போறாரே, கேக்கலையா?” என்றேன்.

“அவனுக்கு விஷயம் தெரியாது,” என்றார் ஸ்டீபன் அண்ணன். “இன்னும் கொஞ்ச நேரத்துல வுழுந்துடுவான்.”

நாங்கள் காத்திருந்தோம். ஒரு மனிதன் செத்து விழுகிற சத்தத்துக்காக. கடவுளே. மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தோம். என் மடியில் ஒருவர் மூச்சே கிடைக்காமல் கிடக்கிறார். “உப்பேய்.” எங்கள் வாசல். “உப்பேய்.” அடுத்த வீடு. யாரோ பேரம் பேசுகிற பெண் குரல். படியால் அளந்து உப்பு கொட்டுகிற சத்தம். மறுபடி “கல்லுப்பு.” குரல் தூரப் போகிறது. விழவில்லை.

சர்ரக்.

செல்விதான். குழந்தையை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு மறு கையால் டேப்பைப் பிய்க்கிறாள். அவளை யாரும் தடுக்கவில்லை. கதவு திறந்தது. வெயில் உள்ளே விழுந்தது. கொடியில் என் புடவை ஆடிக்கொண்டிருந்தது. எந்தப் பக்கம் என்று நான் பார்க்கவில்லை.

அவரைக் கிணற்றடியில் கொண்டுவந்து கிடத்தினோம். ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு ஆட்டோ இல்லை. சங்கைக் கேட்டதும் எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள், பெண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டுப் பக்கம் போக. அது கல்பாக்கத்துக்கு இன்னும் கிட்டே என்று அவர்களுக்கு அப்போது உறைக்கவில்லை. தெருவில் ஓடினேன். உப்புக்காரரைப் பிடித்தேன். அவர் மூட்டையை அப்படியே ரோட்டில் சாய்த்தார். காலி வண்டியில் என் கணவரைப் படுக்க வைத்தோம். உப்புக்காரர் மிதிக்க, ஸ்டீபன் அண்ணன் பின்னால் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். வெறுங்காலோடு.

பல்லாவரம் ரயில்வே கேட் மூடியிருந்தது. மின்சார ரயில் போனது. ஜன்னலோரம் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கார்கில் செய்தியாகத்தான் இருக்கும். ரயில் போய் முடிவதற்குள் நெஞ்சுச் சத்தம் நின்றுவிட்டது. கேட் திறந்தது. அவர் போய்விட்டார், இனித் தள்ள வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் ஆஸ்பத்திரி வரை தள்ளினார்கள்.

சாயங்காலம் தெரிந்தது. கரண்ட் போய் வந்தபோது சங்கின் சுவிட்ச் ஒட்டிக்கொண்டதாம். அவ்வளவுதான். எந்தத் தொழிற்சாலை என்று எழுதப் போவதில்லை. எழுதி என்ன ஆகப்போகிறது? ஆஸ்துமா என்று டாக்டர் சொன்னார். அவர் சொன்னதும் பொய்யில்லை. எல்லையில் செத்தவர்களுக்கு எங்கள் மெயின் ரோட்டில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். நானும் ஏற்றினேன். அவர்களுக்கு ஒன்று. இவருக்கு ஒன்று. பக்கத்தில் இருந்தவர் இன்னொன்று யாருக்கு என்று கேட்டார். இதே சண்டையில் செத்தவருக்குத்தான் என்றேன்.

கணக்கு சொல்கிறேன்.

பம்மலில் விழுந்த குண்டு, இல்லை. கல்பாக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. காற்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. உப்பு, ஒரு மூட்டை. செருப்பு, ஒன்று. என் வலது கை நகம், மூன்று. அவை முளைத்துவிட்டன. நெல் ரூம் இடித்தாகிவிட்டது. ஸ்டீபன் அண்ணன் உயிரோடு இருந்தார், ஆனால் அதற்குப் பிறகு மூடிய அறையில் அவரால் படுக்க முடியவில்லை. மழையிலும் வாசலில்தான் படுத்தார். பிறகு கூடுவாஞ்சேரிப் பக்கம் போய்விட்டார். அவரையும் இழந்த கணக்கில்தான் சேர்க்கிறேன். செல்வியின் குழந்தை பிழைத்தது. அது பிழைக்கத்தான் போகிறது என்று தெரியாமல்தான் என் கணவர் கதவைத் திறக்க வேண்டாம் என்றார்.

ஆள், ஒருவர். வயது முப்பத்தெட்டு. நான் ஒரு நாளும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்கள் பக்கம் வழக்கமில்லை. நெல் ரூமில் கத்தியபோதுகூட “என்னங்க” என்றுதான் கத்தினேன். ஆனால் கணக்கென்று வந்தால் பெயர் வேண்டும்.

ஏழுமலை.