கடல் தெரியாத ரூம்

எண்ணூரிலிருந்து வந்த பஸ் விம்கோ நகரில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நின்றுவிட்டது. நான் வேலை கேட்டு ராயபுரம் போய்க்கொண்டிருந்தேன். முன் சீட்டில் நெட்டுக்குப்பத்து மீனவர் ஒருவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். மகளை நாகர்கோவில் காலேஜில் விட்டுவிட்டு, இரவல் வேனில் இருவர் மட்டும் திரும்பும்போது வழியில் ஓர் இரவு எங்கே தங்குவது என்று பேச்சு.

“கடல் தெரியாத ரூமா பாருய்யா,” என்றார் மனைவி.

“இன்னாமே, ரூம் போட்டு கடல் தெரியலன்னா எப்டி? தூத்துக்குடில தோஸ்து ஒருத்தன் கம்மி வாடகைக்கு சொல்லி வெச்சிகிறான்.”

“வாணாம். சிறுமலை போலாம். மலையும் காடுமா பாக்க சோக்கா கீதாம். வாடகையும் கம்மிதான்.”

“அலை சத்தம் இல்லாங்காட்டி எனக்குத் தூக்கம் வராதே.”

“அலை சத்தம் கேட்டாதான் நீ தூங்க மாட்ட. கண்ணாலம் ஆனதுலேர்ந்து மூணு மணிக்கெல்லாம் எழுந்து காத்து எப்டி கீதுன்னு பாக்க கடக்கரைக்குப் பூட்ற. நான் கண்ணு முழிச்சா பக்கத்துல வெறும் பாய்தான் கீது. ஒரு நாளாவது விடியற வரைக்கும் கூட இரேன்யா.”

பஸ் நகர்ந்ததும் அவர் யாரிடமோ நம்பர் வாங்கி, சிறுமலை லாட்ஜுக்குப் போன் போட்டார்.

“ரூம் கீதா சார்? இன்னாது, ஜன்னல்லேர்ந்து ஏரி தெரியுமா? அப்ப அது வாணாம். பின்பக்கம் குடு.”

“ஏரிதானேய்யா? அது நல்லாத்தானே இருக்கும்?” என்றார் மனைவி.

“ஏரின்னாலும் தண்ணிதானே மே. எழுந்து பூடுவேன்.”