ஏழாவது பங்குதாரர்

— அப்படின்னா வக்கீலம்மா, இந்த அரசாங்க பெயின்ட் கம்பெனிக்கு நானும் ஒரு முதலாளி. அதானே சொல்ல வர்றீங்க?

— கிட்டத்தட்ட இல்லைன்னே சொல்லணும் ஐயா. மொத்தம் நாற்பது லட்சம் பங்கு. அதுல ஒண்ணே ஒண்ணு உங்க பேர்ல இருக்கு. அதுவும் பேர்தான் உங்களுது. சொத்து அரசாங்கத்துது.

— ஒண்ணு இருக்குதில்ல? அது போதும். ஏய், கேட்டியா? அடுப்படியில இருக்கியா இல்லையா? உன் புருஷன் முதலாளி! முப்பத்தோரு வருஷமா ஒரு முதலாளிக்கு டீ ஆத்திக் குடுத்திருக்கே, உனக்கே தெரியாம!

— தெரிஞ்சிருந்தா டாக்டர் சொன்ன மாதிரி சர்க்கரையைக் குறைச்சிருப்பேன். இந்தா வக்கீல் பொண்ணு, இது உனக்கு. ஏழு மாசமா எங்க கேன்டீன்ல ஃபைலைப் பார்த்துக்கிட்டே கொறிச்சே. இங்கயாவது சூடா குடி.

— நன்றிம்மா. ஐயா, உங்க பேர் அந்தப் பதிவேட்டுல எப்படி ஏறிச்சுன்னு நினைவிருக்கா?

— நினைவிருக்காவா! அப்ப இது அரசாங்கத் துறையா இருந்துச்சு. அதைக் கம்பெனியா மாத்தணும்னாங்க. சட்டப்படி ஏழு பங்குதாரர் இருக்கணுமாம். ஆறு அதிகாரிங்க மேஜையைச் சுத்தி உட்கார்ந்தாச்சு. ஏழாவது அதிகாரி மாடிப்படியில வழுக்கி, நாற்பது படி உருண்டு, நேரா என் கார் பானெட்டுல வந்து விழுந்தார்.

— நாலு படி. விழுந்தது புல்தரையில.

— நீ அங்க இருந்தியா? சேர்மன் ஜன்னல் வழியா தலையை நீட்டி, “டிரைவர், உனக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா?”ன்னார். “அம்பத்தாறு விதமா போடுவேன் சார்”னேன். சத்தியமா, ஒரு சொல்லு கூட்டல. மேல ஏறிப் போனேன். ஆறு தலையும் ஒரு தொப்பியும் சேர்ந்து கம்பெனி பிறந்துச்சு. அந்தத் தொப்பி நான்தான்.

— அந்தக் கம்பெனிதான் இன்னைக்கு நாலு மணிக்குக் கை மாறுது. விற்பனை ஒப்பந்தத்துல ஒரு பத்தி இருக்கு. பங்குதாரர் யாராவது எழுத்துல ஆட்சேபணை குடுத்தா, விற்பனைக் கமிட்டி கூடி அதுக்கு ஒரு முடிவு சொல்லணும். சொல்லாம விற்பனையை முடிக்க முடியாது. அதனால கேக்கறேன். உங்களுக்கு ஆட்சேபணை ஏதாவது உண்டா?

— மத்த ஆறு பேரு என்ன சொன்னாங்க?

— அந்த ஆறு பங்கும் அப்பப்ப பதவிக்கு வந்தவங்க பேருக்கு மாறிக்கிட்டே வந்துச்சு, இப்ப இருக்கறவங்களும் அதிகாரிங்கதான். “இல்லை”ன்னு ஒத்தை வரியில அனுப்பிட்டாங்க.

— எனக்கு மட்டும் ஆள் நேர்ல வருது, ஃபைல் வருது, வாசல்ல கார் நிக்குது! ஏன்? என் கையெழுத்து இல்லேன்னா வண்டி நகராது! நாற்பது லட்சத்துல ஒண்ணு குறைஞ்சாலும் முழுசா வித்ததா ஆகாது. ஆகுமா?

— கேள்வி ஆட்சேபணையைப் பத்தினது, ஐயா.

— இருக்கு, இருக்கு. எழுதிக்குங்க. மெயின் கேட்டுல எனக்கு ஒரு சிலை. உட்கார்ந்த மாதிரி. கையில ஸ்டியரிங்.

— அதை எழுத முடியாதுங்க. ஒப்பந்தத்துக்கும் அதோட இணைப்புகளுக்கும் சம்பந்தப்பட்டதா இருக்கணும்.

— சரி, அப்ப பெயின்ட் சம்பந்தமா கேக்கறேன். என் மீசை நிறத்துல ஒரு டப்பா போடச் சொல்லுங்க. இந்த நாட்டுல பாதிப் பள்ளிக்கூடம், முக்கால்வாசி ஆஸ்பத்திரி, ஜெயில் மொத்தமும் எங்க பச்சையிலதான் இருக்கு. மேல ஏரோப்பிளேன்ல போறவங்க காடுன்னு நினைச்சுக்கறாங்க. கொஞ்சம் சாம்பலும் இருக்கட்டுமே!

— மீசையில சாம்பல் எங்க இருக்கு? வெள்ளைதான் இருக்கு. அந்த டப்பா ஏற்கெனவே விக்குது.

— பார்த்தீங்களா வக்கீலம்மா, முதலாளிக்கு வீட்ல இருக்கற மரியாதையை! சரி, விடுங்க. ஒண்ணு கேக்கறேன். நஷ்டத்துல ஓடுது, அதனால விக்கறோம்னு முதல்ல சொன்னாங்க. மூணு வருஷமா லாபம்தானே? இப்ப ஏன் விக்கறீங்க?

— லாபத்துல இருக்கும்போதுதான் ஐயா விலை வரும். நஷ்டத்துல இருந்தா யாரும் வர மாட்டாங்க.

— அதாவது, நோஞ்சானா இருந்தா தொல்லைன்னு விக்கணும், தேறிட்டா விலை வரும்னு விக்கணும். எப்படி இருந்தாலும் விக்கணும். இன்னொண்ணு. வாங்கறவனுக்குக் கடன் குடுக்கறது அரசாங்க பேங்க்காமே? அந்த பேங்க்கையும் அடுத்த மாசம் விக்கறாங்களாமே?

— ஏலம் அறிவிச்சிருக்காங்க. ஆமா.

— ஆக, அரசாங்கம் தன் பேங்க்ல கடன் குடுத்து, தன் கம்பெனியை வாங்க வெச்சு, அப்புறம் அந்தக் கடனோட சேர்த்து பேங்க்கையும் வித்துடும். இடது பையில இருந்ததை வலது பைக்கு மாத்தி, கடைசியில சட்டையையே கழட்டிக் குடுத்த மாதிரி! நான் கியர் மாத்தற வேகத்தை விட இது ஜாஸ்தியா இருக்கே!

— அரசாங்கம் பெயின்ட் காய்ச்சத்தான் வேணுமான்னு கேக்கறவங்களும் இருக்காங்க ஐயா. அந்தப் பணத்துல பச்சை அடிக்காத ஆஸ்பத்திரி கட்டலாம்.

— கட்டினா சந்தோஷம். முதல் நோயாளியை நானே ஓட்டிட்டுப் போறேன்.

— இந்த மனுஷன் இப்படியே நாலு மணி வரைக்கும் பேசுவாரும்மா. உன் வேலை கெடப் போகுது. எனக்குப் பரவாயில்ல, இன்னைக்கோட நானும் வீட்லதான்.

— ஏம்மா? கேன்டீன் திறக்கலையா?

— சாவியை வாங்கிட்டாங்க. ஒப்படைக்கணுமாம். நிரந்தர ஊழியர் ஆயிரத்துச் சொச்சம் பேர் ஒப்பந்தத்தோட சேர்த்த பட்டியல்ல இருக்காங்க. மூணு வருஷத்துக்கு யாரும் அவங்களை வேலையை விட்டு எடுக்க முடியாதாம். அந்தப் பட்டியல்லயே நீதான் ராத்திரி பகலா உட்கார்ந்திருந்தே, உனக்குத் தெரியாததா? நாங்க அதுல இல்ல. எங்களுக்குச் சம்பளம் குடுத்தது காண்டிராக்டர். இருபத்திரண்டு வருஷத்துல காண்டிராக்டர் ஏழு பேர் மாறினாங்க, அடுப்பு மாறல. ஆனா காகிதத்துல அடுப்புக்கு ஏது இடம்? சரி, மொட்டைமாடியில துணி கிடக்கு. எடுத்துட்டு வர்றதுக்குள்ள சிலையை நிறுத்தி முடிச்சிருங்க.

— போயிட்டாளா? படியில செருப்புச் சத்தம் கேக்குதா?

— போயிட்டாங்க ஐயா. ஏன் திடீர்னு குரலைத் தாழ்த்தறீங்க?

— போன வியாழக்கிழமை, கேன்டீன் பொம்பளைங்களுக்கு இனி வேலை இல்லேன்னு நோட்டீஸ் ஒட்டினாங்க. வீட்டுக்கு வந்தவ, காய் நறுக்கற கத்தியை எடுத்துத் தீட்டினா பாருங்க, ஒரு மணி நேரம். அது கத்தியா இருந்தது, ஊசியா ஆயிடுச்சு. அப்புறம் என்கிட்ட சத்தியம் வாங்கினா. அவ பேரைச் சொல்லி நான் யார்கிட்டயும் போய் நிக்கக் கூடாதுன்னு.

— எதுக்கு அப்படி?

— அவ ரகமே அது. நான் சேர்மன் டிரைவர். பின்சீட்டுல அவர், முன்சீட்டுல நான். ஒரு வார்த்தை போட்டிருந்தா என்னைக்கோ நிரந்தரம் ஆயிருப்பா. “உங்க சேர்மன் தினம் மத்தியானம் என் கையாலதான் சாப்பிடறார். சொல்றதா இருந்தா அவர் நாக்கு சொல்லட்டும், உங்க நாக்கு வேண்டாம்”னுட்டா. அவர் நாக்கு ருசி மட்டும்தான் பார்த்துச்சு.

— இன்னும் எத்தனை வருஷம் வேலை செய்யலாம் அவங்க?

— நாலு. நாலு வருஷம் கண்ணு! முந்நூறு பேருக்கு மத்தியானம் பன்னிரண்டரைக்குத் தட்டு வைக்கற பொம்பளை. பெரிய மந்திரி வந்தாலும் வரிசையில நின்னாத்தான் சோறுன்னு கரண்டியைக் காட்டி நிறுத்தினவ. இது நிஜம், இதை நான் கூட்டவே இல்ல. அவளைக் கொண்டு வந்து இந்த ரெண்டு ஸ்டூல் போட்ட அடுப்படியில, எனக்கு ஒருத்தனுக்குச் சமைக்க வெச்சா என்ன ஆவா? என்னையே பாருங்க. ரிட்டயர் ஆகி நாலு வருஷம். தெருவுல திரும்பற லாரிக்கெல்லாம் “வா, வா, ஒடி, ஒடி, நிறுத்து”ன்னு கை காட்டிக்கிட்டு நிக்கறேன். என்னோட யாரும் சண்டை கூடப் போட மாட்டேங்கறாங்க.

— அப்ப சிலை, மீசை எல்லாம்...

— நேரத்தை ஓட்டறேன். வேற என்ன பண்றது? பெரிய பிரேக் ஒண்ணு என் காலடியில இருக்குன்னு நீங்க வந்து சொல்றீங்க. அதை அவளுக்காக அழுத்த முடியாதுன்னு நானே சத்தியம் பண்ணி வெச்சிருக்கேன். நீங்க சொல்லுங்க, என்ன எழுதட்டும்?

— நான் அரசாங்கத்தோட வக்கீல் ஐயா. நீங்க என்ன எழுதணும்னு நான் சொல்லக் கூடாது. சொன்னா எனக்கு வேலை இருக்காது. கேக்கத்தான் முடியும்.

— அப்ப ஏதாவது கேளுங்களேன்!

— அந்தச் சமையலறையில மொத்தம் எத்தனை பேர்?

— பன்னிரண்டு பொம்பளைங்க. இவளோட சேர்த்து.

— சத்தியம் எத்தனை பேருக்கு?

— இவ ஒருத்திக்... வக்கீலம்மா. பேப்பர் குடுங்க.

— இந்தாங்க. அட்டையை அடியில வெச்சுக்குங்க.

— “விற்பனைக் கமிட்டியின் மேலான கவனத்திற்கு.” சரியா இருக்கா? “ஊழியர் பட்டியலில் கேன்டீன் பெண்கள் பதினோரு பேர் விடுபட்டிருக்கிறார்கள். காண்டிராக்டர்கள் வந்தார்கள், போனார்கள். இவர்கள் போகவே இல்லை. இடமும் வேலையும் நேரமும் கம்பெனி சொன்னபடிதான். அவர்களையும் மற்றவர்களைப் போலவே மூன்று வருஷப் பாதுகாப்போடு பட்டியலில் சேர்க்காமல் விற்பதற்கு நான் ஆட்சேபிக்கிறேன்.” இப்ப, “இல்லையென்றால் கேட்டுக்குக் குறுக்கே என் காரை நிறுத்துவேன்”னு போடட்டுமா?

— உங்ககிட்ட கார் இல்லையே ஐயா.

— அது அவங்களுக்குத் தெரியாதே!

— வேண்டாம். இதுவே நல்லா இருக்கு.

— இது ஜெயிக்குமா? உண்மையைச் சொல்லுங்க.

— கமிட்டி ரெண்டு மணிக்குக் கூடுது. இன்னைக்கு முடியலேன்னா வாங்கறவங்களோட ஏலத் தொகை காலாவதி ஆயிடும், மறுபடி முதல்லேர்ந்து விலை பேசணும். ரெண்டு பக்கமும் அதை விரும்பாது. ஆயிரத்துச் சொச்சம் பேர் பட்டியல்ல இன்னும் பத்து, பன்னிரண்டு பேரைச் சேர்க்கறதா, இல்ல நாலு மணியைத் தள்ளறதான்னு கேட்டா... அவங்க கணக்கு தெரிஞ்சவங்க.

— படியில சத்தம்! அட்டையை மறைங்க, மறைங்க!

— என்னத்தை மறைக்கறீங்க? சிலைக்கு இவ்வளவு நீளமா எழுத்து? குடுங்க இப்படி. துணியைப் பிடிங்க.

— அது கம்பெனி ரகசியம். பங்குதாரர் தவிர வேற யாரும்...

— “கேன்டீன் பெண்கள் பதினோரு பேர்...” என்ன இது? என்கிட்ட என்ன சத்தியம் பண்ணினீங்க?

— உன் பேரை நான் சொல்லல. வக்கீலம்மாவைக் கேளு. நீ அதுல இல்லவே இல்ல. தேடிப் பாரு.

— சொல்லலைம்மா. நான் சாட்சி.

— நீ சும்மா இரும்மா. உனக்கு இவரைப் பத்தித் தெரியாது. பதினோரு பேராம்! பன்னிரண்டு பேர் வேலை செய்யற இடத்துல பதினோரு பேர்னு எழுதினா, படிக்கறவன் சிரிக்க மாட்டான்?

— பன்னிரண்டாவது ஆளைப் பத்தி எழுத எனக்கு அனுமதி இல்ல. மேலிடத்து உத்தரவு.

— அந்தப் பதினோரு பேரை உள்ள விட்டுட்டா, முந்நூறு பேருக்கு அளவு யார் சொல்வாங்க? காய் நறுக்கறதுங்க ரெண்டும் பேச ஆரம்பிச்சா கையை நிறுத்திடும். தட்டு கழுவறவளுக்கு முட்டி வலி, யாராவது தூக்கிக் குடுக்கணும். புதுசா வந்தவ உப்பு டப்பாவை இன்னும் ரெண்டு கையால பிடிக்கறா.

— எனக்குத் தெரியாது. சத்தியம் சத்தியம்தான்.

— பிழையா ஒரு காகிதத்தை நம்ம வீட்லேர்ந்து அனுப்ப முடியாது. பேனாவைக் குடுங்க.

— வக்கீலம்மா, பார்த்துக்குங்க. நான் குடுக்கல. அவளே பிடுங்கினா.

— பதினோரு மேல கோடு. பன்னிரண்டு. ஆச்சு. எனக்காகப் போடல, சொல்லிட்டேன். எண்ணிக்கை தப்பா இருந்துச்சு, திருத்தினேன்.

— திருத்தின இடத்துல யார் திருத்தினாங்களோ அவங்க சின்னதா ஒரு ஒப்பம் போடணும்மா. சட்டப்படி.

— நானா? எங்கே? இங்கயா?

— அங்கதான். ஐயா, நீங்க கீழே முழுக் கையெழுத்து.

— அம்பத்தாறுல எதைப் போடட்டும்?

— பேங்க்ல போடறதை. போடுங்க, பேசாம. பொண்ணு கிளம்பணும். வக்கீல் பொண்ணு, மணி பன்னிரண்டரை ஆச்சு, ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போயேன்.

— இல்லைம்மா, ரெண்டு மணிக்குள்ள இதைப் பதிவு பண்ணணும். நாளைக்கு மத்தியானம் சாப்பிட வர்றேன். கேன்டீனுக்கு.

— வரிசையில நிக்கணும். உனக்கும் அதேதான்.

— நிக்கறேன்மா. ஐயா, நான் வரட்டுமா?

— இருங்க, இருங்க! முக்கியமானதை விட்டுட்டுப் போறீங்களே! என் பங்கை மாத்தறதுக்கு ஒரு படிவம் இருக்குமில்ல, எடுங்க. நான் சொன்னதை நீங்க எழுதிக்கிட்டீங்க, இப்ப நீங்க கேட்டதை நான் குடுக்கணும். இந்தக் கையெழுத்து இல்லாம பாவம் அந்த விற்பனை அந்தரத்துல நிக்கப் போகுது!

— அந்தப் படிவத்துல நீங்க முப்பத்தோரு வருஷம் முன்னாடி, பங்கு குடுத்த அன்னைக்கே, தேதி போடாம கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டீங்க ஐயா. அது ஃபைல்ல பத்திரமா இருக்கு. விற்பனைக்கு யாரும் உங்களைத் தேடல, கமிட்டி என்னை அனுப்பவும் இல்ல. நான் காலையிலேர்ந்து மூணு டீ குடிச்சுட்டு உட்கார்ந்திருந்தது, இந்த ஒரு பக்கத்தை நீங்களா எழுத மாட்டீங்களான்னுதான்.